தொட்டியில் ப்ளூபெர்ரி: புது இலை மஞ்சளாகிறது. கலவையை மாற்றுவதா, தண்ணீரை மாற்றுவதா?

அரும்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பால்கனியில் இரண்டு ப்ளூபெர்ரிச் செடிகள் வைத்திருக்கிறேன். ஒன்று சன்ஷைன் ப்ளூ, இன்னொன்று ஓநீல். இரண்டுமே சுமார் 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கின்றன. வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. வந்த புதிதில் கரும்பச்சையாக நன்றாக இருந்தன. இப்போது நுனியில் விரியும் இலைகள் எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கலவை, அமில மண் கேட்கும் செடிகளுக்கென்று பையில் விற்பது. ஊற்றுவது குழாய்த் தண்ணீர். தொட்டி விளிம்பிலும் கீழே வைத்த தட்டிலும் வெள்ளையாகப் படிகிறது.

இரும்புச் சத்து கொடு என்கிறார் ஒருவர், காபித்தூள் சக்கை போடு என்கிறார் இன்னொருவர், வினிகர் ஊற்று என்கிறார் மூன்றாமவர். நான் எதில் தொடங்க வேண்டும்? இந்தச் செடிகளைப் பல வருடம் வைத்திருக்க ஆசை. அதனால் இன்றைக்கு மட்டும் பச்சையாக்கும் வழி எனக்குப் போதாது, காரணம் தெரிய வேண்டும்.

மாடிக்காற்று எழுதியது:

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் புது இலையில் என்றால் அது இரும்புப் பற்றாக்குறைதான். அடி இலையில் தொடங்கி ஓரம் வெளுத்தால் மெக்னீசியம். இலை முழுக்க ஒரே மாதிரி வெளுத்து, அதுவும் அடியிலிருந்து வந்தால் நைட்ரஜன். உங்களுக்கு முதல் வகை. இரும்பு கொடுங்கள், மேலே காபிச் சக்கையைத் தூவி விடுங்கள், சரியாகிவிடும்.

வேரடி எழுதியது:

மாடிக்காற்று அடையாளம் சொன்னது சரி. ஆனால் மருந்து அங்கே இல்லை. பையில் வாங்கிய கலவையில் இரும்பு இல்லாமல் இருப்பது அபூர்வம். இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். அந்த எண் ஒரு படி ஏறினால் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஃபெரிக் இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மற்ற செடிகளுக்கு இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. ப்ளூபெர்ரிக்கு அந்த வழி மிகக் குறைவு.

காரணம் அதன் வேர். மற்ற செடிகளின் வேரில் மெல்லிய தூவிகள் இருக்கும். அவைதான் மண்ணுக்குள் நுழைந்து சத்தை இழுப்பவை. ப்ளூபெர்ரிக்கு வேர்த்தூவியே கிடையாது. நூல் போன்ற மெல்லிய வேர்கள் மேல்மட்டத்திலேயே பின்னிக் கிடக்கும். நிலத்தில் நட்டாலும் பெரும்பகுதி வேர் மேலே 30 சென்டிமீட்டருக்குள்தான். இயற்கையில் இந்த வேரோடு ஒரு வகைப் பூஞ்சை கூட்டு சேர்ந்து, மட்கிக் கிடக்கும் இலைதழையிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. அமிலம் மிகுந்த, சத்து குறைந்த, ஈரம் காயாத சதுப்பு ஓரங்களில் வாழப் பழகிய குடும்பம் இது. ரோடோடெண்ட்ரான், அசேலியா என்ற பூச்செடிகள் இதன் உறவுகள்.

இதைக் கண்டுபிடித்ததே தொட்டிகளை வைத்துத்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1900களின் தொடக்கத்தில் இதைத் தோட்டத்தில் வளர்க்கவே முடியாது, காட்டில்தான் வரும் என்று நினைத்தார்கள். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த பிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர் தொட்டிகளில் நாற்று வைத்துப் பார்த்தார். நல்ல தோட்ட மண் போட்ட தொட்டி, நிறைய எரு போட்ட தொட்டி, சுண்ணாம்பு கலந்த தொட்டி எல்லாவற்றிலும் செடி தேங்கிவிட்டது. அமிலப் பீட், அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிச் சேர்ந்த தாவரப் பொருள், போட்டதில் வளர்ந்தது. 1910இல் அதை வெளியிட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரிப் பண்ணை வைத்திருந்த எலிசபெத் ஒயிட் அவருக்கு எழுதினார். இருவரும் காட்டுச் செடிகளில் நல்லதைத் தேடிப் பொறுக்கி, 1916இல் முதல் விற்பனை அறுவடையை எடுத்தார்கள். இன்று நாம் வைத்திருக்கும் உயர்புதர் (highbush) ரகங்கள் எல்லாம் அந்த வேலையின் தொடர்ச்சி. ஆக, நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம்: எதைப் போட்டால் மற்ற செடி செழிக்குமோ அதுவே இதற்கு ஆகாது.

இதற்கு வேண்டிய பிஎச் 4.5 முதல் 5.5 வரை. 6.5 என்பது கேட்க அருகில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் 4.5க்கும் 6.5க்கும் அமிலத்தில் நூறு மடங்கு வித்தியாசம். அரும்பு, நீங்கள் எதை வாங்குவதற்கு முன்பும் முதலில் அளந்து பாருங்கள்.

அரும்பு எழுதியது:

நன்றி ஐயா. தொட்டியில் எப்படி அளப்பது? இரண்டு கம்பி உள்ள மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, குத்தினால் எப்போதும் 7 காட்டுகிறது.

வேரடி எழுதியது:

அந்தக் கம்பி மீட்டரை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். பட்டையும் பீட்டும் கலந்த தளர்ந்த கலவையில் அது எதையாவது காட்டும்.

வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டியின் கீழே சுத்தமான தட்டு வைத்து, மேலே காய்ச்சி வடித்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடியில் முதலில் வடியும் 50 மில்லி அளவு போதும். அதுதான் இவ்வளவு நேரம் வேரைச் சுற்றி நின்ற நீர். அதை நல்ல பிஎச் தாளிலோ, திரவத்தில் முக்கும் மின்னணு மீட்டரிலோ பாருங்கள். மீட்டர் என்றால் அளவுதிருத்தக் கரைசலில் சரிபார்த்துவிட்டு முக்குங்கள். சரிபார்க்காத மீட்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

துளிர்மழை எழுதியது:

அரும்பு, உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: விளிம்பில் வெள்ளைப் படிவு. அது பெரும்பாலும் சுண்ணாம்பு. உங்கள் கலவை முதல் நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். அதைத் தண்ணீர் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொட்டி ப்ளூபெர்ரி பற்றிய பேச்சு முழுக்கக் கலவையைச் சுற்றியே போகிறது, தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தண்ணீரின் பிஎச் எவ்வளவு என்பது முக்கியமில்லை. அதில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. தண்ணீர் அறிக்கைகளில் இதைக் காரத்தன்மை என்று போட்டு, கால்சியம் கார்பனேட் அளவாக, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடின நீர் வரும் இடங்களில் அது சாதாரணம். நாளைக்கு 2 லிட்டர் ஊற்றினால் 400 மில்லிகிராம். 100 நாளில் 40 கிராம். வடிந்து வெளியே போவது போக மீதி எல்லாம் தொட்டியிலேயே வேலை செய்யும். அமிலக் கலவைக்குள் நாமே தினமும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடுகிறோம். எவ்வளவு நல்ல பீட்டாக இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்?

நிலத்தில் நட்ட செடிக்குப் பெருமழை வந்து கழுவிவிடும், மண்ணின் பரப்பும் பெரிது. தொட்டியில் 20 லிட்டர் கலவைதான், அதற்குத் தினமும் தண்ணீர். அதனால்தான் தொட்டியில் இது வேகமாக நடக்கிறது.

அளப்பது எளிது. இந்தக் காரத்தன்மையைக் காட்ட மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் கேஎச் (KH) சோதனைச் சொட்டு மருந்து வாங்குங்கள். ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 18 மில்லிகிராம். 100க்குக் கீழே இருந்தால் உரத்தாலேயே சமாளித்துவிடலாம். 150, 200 என்று போனால் தண்ணீரையே மாற்றுவது நல்லது.

எந்தத் தண்ணீர்? மழைநீருக்கு நிகர் இல்லை. சுத்தமான காற்றில் பெய்யும் மழையின் பிஎச் 5.6 அளவில் இருக்கும், பைகார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. பிடித்து வைக்க இடமிருந்தால் ப்ளூபெர்ரிக்கென்றே ஒரு பீப்பாய் ஒதுக்கலாம். சிமென்ட் தொட்டியில் தேக்கினால் சிமென்டே சுண்ணாம்பை விடும், பிளாஸ்டிக்தான் நல்லது. மழை இல்லாத காலத்தில் ஆர்ஓ தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது என்பதால் உரத்தில் அவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு போட்டு மென்மையாக்கும் கருவி வழியே வரும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கும். செடிக்கு இரட்டைக் கெடுதல்.

மாடிக்காற்று எழுதியது:

தண்ணீர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், இவ்வளவு கணக்காக யாரும் சொல்லிப் படித்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் மழைநீர் கிடைக்காது. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டால் போதாதா? காபிச் சக்கையும் அமிலம்தானே?

துளிர்மழை எழுதியது:

காபியில் உள்ள அமிலம் நீரில் கரையக்கூடியது, அது கோப்பைக்குப் போய்விடுகிறது. வடித்த சக்கையின் பிஎச் பல நேரம் நடுநிலைக்குப் பக்கம். அதனால் தொட்டி அமிலமாகாது. கெட்டியாகப் போட்டால் மேலே ஏடு கட்டித் தண்ணீர் இறங்காமல் தடுக்கும். மட்குக் குழியில் போடுவதற்கு அருமையான பொருள், அதைத் தொட்டி வைத்தியமாக நம்ப வேண்டாம்.

பைன் ஊசியிலையும் இப்படித்தான். மூடாக்காகப் போடுங்கள், ஈரம் காக்கும், வேர் சூடாகாது. ஆனால் மட்க மட்க அதன் அமிலம் குறைந்துவிடும், பிஎச் அசையாது.

வினிகர் கதை வேறு. அது நிஜமாகவே பைகார்பனேட்டை முறிக்கும். ஆனால் அசிட்டிக் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும், தின்ற பிறகு பைகார்பனேட் திரும்பி வந்துவிடும். சிட்ரிக் அமிலத்துக்கும் அதே கதி. ஊற்றும் நேரத்தில் மீட்டர் அழகான எண்ணைக் காட்டும், வாரக்கணக்கில் பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்போம். இடைக்கால உதவியாகச் செய்யலாம், தப்பில்லை. சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, 5க்கும் 5.5க்கும் இடையே வந்ததும் நிறுத்துங்கள்.

நிலையாக மாற்றுவது கந்தகத்தின் அமிலம்தான். பண்ணைகளில் கந்தக அமிலத்தையே பாசன நீரில் கலக்கிறார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம், தோலையும் கண்ணையும் பொசுக்கும். பேட்டரி அமிலம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். தின்னும் பழம் இது. நமக்கான வழி கந்தகத் தூள். அதை மண்ணிலுள்ள பாக்டீரியா மெதுவாக அமிலமாக்கும். அதற்கு ஈரமும் கதகதப்பும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். அதனால் பையில் எழுதியிருப்பதில் பாதி மட்டும் மேலே தூவிக் கிளறிவிட்டு, மூன்று மாதம் கழித்து அளந்த பிறகே மறுபடி போடுவதா என்று யோசியுங்கள். அவசரப்பட்டு இரண்டு தடவை போட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேர் கருகும்.

அலுமினியம் சல்பேட் வேகமாக வேலை செய்யும் என்று விற்பார்கள். அலுமினியம் சேரச் சேர வேருக்கு நஞ்சு. சிறிய தொட்டிக்கு அது சரிவராது.

செங்கதிர் எழுதியது:

கலவை பற்றி என் பங்குக்கு. பீட்தான் வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பீட்டின் பிஎச் 3.5 முதல் 4.5 வரை இருக்கும், அதனால் ப்ளூபெர்ரிக்குப் பொருத்தம் என்பது உண்மை. ஆனால் சதுப்பு நிலத்தில் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்ததை வெட்டி எடுப்பது அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், இந்தச் செடி நன்றாகவே வரும், தொட்டியில் வளர்க்கும் வணிகப் பண்ணைகளே கோகோபீட்டும் பெர்லைட் என்ற இலேசான பொரிகல்லும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துகின்றன.

வேரடி எழுதியது:

செங்கதிர் சொல்வதை மதிக்கிறேன், உண்மையும் கூட. ஆனால் பண்ணையில் சொட்டு நீர்க்குழாய் வழியே அமிலம் கலந்த உரநீர் தினமும் போகிறது. அங்கே கலவை என்பது வேருக்குப் பிடிமானம் மட்டும். வீட்டில் கோகோபீட் மட்டும் போட்டால் தொடக்கமே 5.5க்கும் 6.8க்கும் நடுவில்தான். கழுவாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி, ப்ளூபெர்ரி வேருக்கு உப்பு சுத்தமாக ஆகாது. எனவே கோகோபீட் என்றால் நன்றாகக் கழுவி, கால்சியம் கொண்டு பதப்படுத்தியதாக இருக்க வேண்டும்.

என் விருப்பம் பைன் பட்டைத் துண்டுதான் பெரும்பங்கு. சின்ன விரல் நகம் அளவுக்குக் குறைவான துண்டுகள். மொத்தக் கலவையில் அது பாதி, மீதியில் பீட்டோ பதப்படுத்திய கோகோபீட்டோ, கொஞ்சம் பெர்லைட். பட்டை இயல்பிலேயே அமிலம், காற்று நன்றாகப் போகும், சீக்கிரம் மட்கி அமுங்காது. பட்டை மிகுந்தால் பீட் தேவையும் குறைகிறது, செங்கதிரின் கவலைக்கும் அது ஓரளவு பதில்.

தோட்ட மண், தொழு உரம், மண்புழு உரம், எலும்புத்தூள், சாம்பல், முட்டை ஓடு ஒன்றும் இதற்குள் வரக்கூடாது. எருவில் உப்பும் காரமும், சாம்பலிலும் ஓட்டிலும் சுண்ணாம்பு.

செங்கதிர் எழுதியது:

பட்டை யோசனை பிடித்திருக்கிறது. தொட்டியின் அடியில் ஜல்லி போட்டு அதன் மேல் கலவை போடலாமா? வேரழுகலைத் தடுக்கும் என்று நினைத்தேன்.

வேரடி எழுதியது:

வேண்டாம். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கலவையின் அடிப்பகுதி நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆக, அடியில் தேங்கும் ஈரம் ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி, வேர் பக்கம் வந்துவிடும். துளைகள் போதுமா என்று பார்த்து, தொட்டியைத் தரையிலிருந்து சற்றே தூக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

மாடிக்காற்று எழுதியது:

உரம்?

வேரடி எழுதியது:

நைட்ரஜனில் இரண்டு வடிவம் உண்டு. பெரும்பாலான காய்கறிகள் நைட்ரேட்டை விரும்பும். ப்ளூபெர்ரி அம்மோனியத்தை விரும்பும், ஏனென்றால் இலைக்குப் போன நைட்ரேட்டைப் பயனுள்ளதாக மாற்றும் திறன் இதற்குக் குறைவு. கால்சியம் நைட்ரேட் போன்ற உரத்தைப் போட்டால் செடிக்கும் உதவாது, பிஎச்சும் ஏறும். அம்மோனியத்தை எடுக்கும்போது வேர் அமிலத்தை வெளியே விடும், அதனால் அம்மோனியம் சல்பேட் சாப்பாடாகவும் இருக்கும், பிஎச்சையும் இறக்கும். அளந்த பிஎச் 5க்கு மேல் இருந்தால் அம்மோனியம் சல்பேட். 5க்குக் கீழே போய்விட்டால் யூரியா, அது அவ்வளவு இறக்காது. லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, துளிர் வரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. சிறு செடிக்குப் பாதி. கலவை காய்ந்திருக்கும்போது ஊற்றக்கூடாது, முதலில் வெறும் தண்ணீர். மற்ற சத்துக்களுக்கு, அசேலியா வகைக்கென்று விற்கும் உரத்தை இடையிடையே கொடுத்தால் போதும். பொட்டாசியம் குளோரைடு இல்லாததாகப் பாருங்கள், குளோரைடும் இதற்கு ஆகாது. கோடை கழியும்போது உரத்தை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் குளிர் வரும் நேரத்தில் பிஞ்சுத் துளிர் விட்டுக்கொண்டு நிற்கும்.

கொழுந்து எழுதியது:

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் இருக்கும் இடத்தில் குளிர்காலமே கிடையாது. ப்ளூபெர்ரி வளர்க்க முடியாது என்றே சொல்கிறார்கள். உண்மையா?

துளிர்மழை எழுதியது:

எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. உறக்கத்தில் இருக்கும் மொட்டு விழிக்க, 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. வடபுல உயர்புதர் ரகங்களான ப்ளூக்ராப், டியூக் போன்றவை 800 முதல் 1000 மணி நேரம் கேட்கும். கோவில் இதையும் பார்த்திருக்கிறார்: குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பான கண்ணாடி வீட்டில் வைத்த செடிகள் வசந்தம் வந்தும் விழிக்கவில்லை, குளிரில் வெளியே நின்றவை பூத்தன. அதை 1920இல் எழுதினார்.

வெப்பமான இடங்களுக்காக, புளோரிடாவில் தானாக வளரும் ஒரு இனத்தோடு கலந்து தென்புல உயர்புதர் ரகங்களை உருவாக்கினார்கள். ஷார்ப்ப்ளூ, மிஸ்டி, எமரால்டு, ஜுவெல், பிலாக்ஸி எல்லாம் அந்தக் கூட்டம். சன்ஷைன் ப்ளூவுக்கு 150 மணி நேரம் போதும் என்பார்கள். அரும்பு வைத்திருக்கும் ஓநீல் 400 அளவில் கேட்கும். குளிரே இல்லாத இடத்தில் பிலாக்ஸி போன்ற ரகங்கள் இலை உதிர்க்காமல், உறங்காமல், கவாத்து செய்த பிறகு பூக்கின்றன. பெருவின் பாலைவனக் கடற்கரையில் உலகச் சந்தைக்கே ப்ளூபெர்ரி விளைகிறது என்றால் அதன் அடிப்படை இதுதான். ஆக, முடியாது என்பது தவறு. ப்ளூக்ராப் வாங்கி முடியாது என்பதுதான் சரி.

உங்களுக்குக் குளிரைவிட வேரின் சூடுதான் பெரிய கவலையாக இருக்க வேண்டும். இந்த வேர்களுக்கு 14 முதல் 18 டிகிரி வரைதான் சுகம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் மதிய வெயில் நேராக விழுந்தால் ஓரத்து வேர்கள் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டி, அல்லது தொட்டிக்குள் தொட்டி, மேலே நான்கு விரல் மூடாக்கு, மதியத்துக்குப் பிறகு நிழல். காலை வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் விழட்டும்.

அரும்பு எழுதியது:

20 லிட்டர் தொட்டி சின்னதா? உடனே பெரிதுக்கு மாற்ற வேண்டுமா?

செங்கதிர் எழுதியது:

இப்போதைக்குச் சரியான அளவுதான். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் போகாத கலவை ஈரத்தோடு கிடந்து அழுகல் வரும். வேர் நிறைந்ததும் அடுத்த அளவு. வளர்ந்த செடிக்கு 40 முதல் 60 லிட்டர் கொடுத்தால் நிம்மதி. மாற்றும்போது வேர்க்கட்டியின் ஓரத்தைக் கையால் பிரித்துவிடுங்கள். அப்படியே வைத்தால் புதுக் கலவைக்குள் போகாமல் பழைய வட்டத்திலேயே சுற்றும்.

தண்ணீர் பற்றி ஒன்று. காய்ந்தாலும் செடி வாடும், தேங்கி வேர் அழுகினாலும் வாடும், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். வாடியதும் குவளையை எடுக்காமல் விரலை இரண்டு மூட்டு வரை உள்ளே விட்டுப் பாருங்கள். பீட் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது ஓரமாக இறங்கி அடியில் வந்துவிடும், வேர்க்கட்டி உள்ளே வறண்டே இருக்கும். அப்போது தொட்டியோடு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி நிற்கும் வரை விடுங்கள்.

தேனடை எழுதியது:

பூவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ப்ளூபெர்ரிப் பூ கவிழ்த்த குடம் போல வாய் குறுகித் தொங்கும். மகரந்தம் வெளியே ஒட்டியிருக்காது, மகரந்தப்பையின் நுனியில் ஒரு சிறு துளை வழியாகத்தான் கொட்ட வேண்டும். பம்பிள் வண்டுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசையை அதிர வைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் உதிரும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, ஆனாலும் கூட்டமாக வந்தால் ஓரளவு வேலை நடக்கும்.

உயர் மாடியில் எந்தப் பூச்சியும் வராது என்றால், மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் லேசாகத் தொடுங்கள். பூவின் கீழே கறுப்புத் தட்டு பிடித்தால் மஞ்சள் தூள் தெரியும். அதை மெல்லிய தூரிகையில் தொட்டு, அடுத்த செடியின் பூவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் வையுங்கள். உயர்புதர் வகை தனியாகவும் காய்க்கும். ஆனால் வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்தால் விதை கூடும், விதை கூடினால் பழம் பெரிதாகும், சற்று முன்பே பழுக்கும். முயல்கண் வகை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இன்னொரு ரகம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அரும்பிடம் இரண்டு ரகம் இருப்பது நல்லது, ஒரே நேரத்தில் பூக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாடிக்காற்று எழுதியது:

முதல் வருடம் பூவைக் கிள்ள வேண்டும் என்பது உண்மையா அண்ணா? மனசு வராதே.

தேனடை எழுதியது:

உண்மைதான். நட்ட முதல் வருடமும், செடி மெலிந்திருந்தால் இரண்டாம் வருடமும் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகும் சத்து வேருக்கும் தண்டுக்கும் போகட்டும். கிளை நுனியில் குண்டாக உருண்டிருப்பது பூமொட்டு, கீழே ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலைமொட்டு, குழப்பமே வராது. போன வருடம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருடம் காய்க்கும். அதனால் கவாத்து என்று எல்லா நுனியையும் வெட்டினால் விளைச்சலையே வெட்டியதாகும். வயதான தண்டுகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்து, அடியிலிருந்து புதுத் தண்டு வர வழி விடுங்கள்.

பழம் நீலமானதும் பறிக்காதீர்கள். காம்பு சேருமிடத்தில் சிவப்பு வளையம் இருந்தால் இன்னும் புளிக்கும். நீலமான பின் சில நாள் செடியிலேயே விட்டால்தான் இனிப்பு ஏறும், பறித்த பிறகு ஏறாது. அந்தச் சில நாளில் பறவைகள் முந்திக்கொள்ளும், வலை கட்டாமல் இருக்க முடியாது. புள்ளி இறக்கைப் பழ ஈ உள்ள இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள வலை வேண்டும், ஆனால் பூ உதிர்ந்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் தேனீயையும் தடுத்துவிடும்.

அரும்பு எழுதியது:

அளந்துவிட்டேன். தொட்டியிலிருந்து வடிந்த நீர் இரண்டிலும் 6.8க்குப் பக்கம். குழாய்த் தண்ணீரின் கேஎச் 12 டிகிரி. அதாவது 200க்கு மேல். துளிர்மழை எடுத்துக்காட்டாகப் போட்ட கணக்கு என் குழாய்க்கே பொருந்துகிறது. இன்று முதல் ஆர்ஓ தண்ணீர், மழை வந்தால் பிடித்து வைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கியிருக்கிறேன். கந்தகம் பாதி அளவு தூவியாயிற்று. கலவையை முழுக்க மாற்றிவிடலாமா, இல்லை கொஞ்ச நாள் பார்க்கலாமா? இலை இன்னும் வெளுத்துக்கொண்டே வருகிறது, அதுதான் பயம்.

வேரடி எழுதியது:

செடி துளிர்த்துக்கொண்டிருக்கும்போது வேரைக் கலைக்க வேண்டாம். உறக்க காலத்தில் பட்டைக் கலவைக்கு மாற்றுங்கள். அதுவரைக்கும் மாடிக்காற்று முதலில் சொன்ன இரும்பு இப்போது உதவும், ஆனால் எந்த இரும்பு என்று பாருங்கள். வெறும் இரும்பு சல்பேட் 6.8இல் போட்ட வேகத்தில் கரையாத வடிவாகி வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். கிலேட் என்பது இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் சேர்மம். அதில் ஈடிடிஏ (EDTA) என்று போட்டது 6.5க்கு மேல் நிற்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) என்று எழுதியிருக்கும் கிலேட் வாங்குங்கள், கரும்சிவப்பாகக் கரையும், காரத்திலும் இரும்பை விடாமல் பிடித்திருக்கும். பையில் சொன்ன அளவில் ஒரு தடவை வேரில் ஊற்றுங்கள். கந்தகம் வேலை செய்யத் தொடங்கும் வரை அது தாங்கும். கூடவே ஆர்ஓ தண்ணீரில் பாதி அளவு அம்மோனியம் சல்பேட்.

துளிர்மழை எழுதியது:

ஆர்ஓ தண்ணீரை முதல் தடவை ஊற்றும்போது தொட்டியின் அளவுக்கே தாராளமாக ஊற்றி அடியில் ஓட விடுங்கள், சேர்ந்த உப்பு கொஞ்சம் வெளியேறும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், மறுபடி உறிஞ்ச விடாதீர்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுக்கப் பச்சையாகாமல் போகலாம், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து விரியும் துளிரின் நிறத்தைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை அந்த 50 மில்லியைப் பிடித்து அளந்து இங்கே போடுங்கள். எண் 5.5க்கு வந்ததும் கந்தகத்தை மறந்துவிடலாம்.

அரும்பு எழுதியது:

கிலேட் நாளை வந்துவிடும். அடுத்த மாத எண்ணோடு வருகிறேன். நன்றி எல்லோருக்கும்.